தொண்டை வலிக்கு எத்தனை துறைகள்?

கேள்வி: ஒரே குடும்பத்துக்காக அரசின் பல துறைகள் சேர்ந்து வேலை செய்வது நடக்கிற காரியமா?
– வாசகர், மனுரேவா, ஆக்லாந்து

பதில்: நடந்திருக்கிறது, உங்கள் தெற்கு ஆக்லாந்திலேயே.

குழந்தையின் தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப் கிருமியைக் கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். இதய வால்வுகள் நிரந்தரமாகக் கெடலாம். மாவோரி, பசிபிக் தீவுக் குழந்தைகளுக்கே இந்த ஆபத்து மிக அதிகம். மருந்து சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. கிருமி பரவ இடம்தரும் நெரிசலான வீடு வேறொரு துறையின் பொறுப்பு.

2011-இல் நியூசிலாந்து அரசு தடுப்புத் திட்டம் தொடங்கியது. செவிலியர்கள் பள்ளிக்கே போய்த் தொண்டையைச் சோதித்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். 2013 முதல், ஆபத்திலிருந்த குடும்பங்களுக்குக் கட்டில், திரைச்சீலை, ஹீட்டர் கிடைக்க வழி செய்யப்பட்டது. வீட்டுக்குக் குளிர்காப்பும் செய்துதரப்பட்டது. சிலருக்கு அரசு வீட்டு வரிசையில் முன்னுரிமையும் கிடைத்தது.

துறைகளைச் சேர்த்தது பொது இலக்கு: 2017-க்குள் ருமாட்டிக் காய்ச்சலை மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது.

அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் பாடம் வீண்போகவில்லை. 2019-இன் விதிகள் வாடகை வீடுகளுக்கு வெப்பம், காற்றோட்டத் தரங்களைக் கட்டாயமாக்கின. 2020-இன் பொதுச்சேவைச் சட்டம், பல துறைத் தலைவர்கள் ஒரே வாரியமாக அமர்ந்து கூட்டாகப் பொறுப்பேற்க வழி செய்தது.