மதிப்புரையை மதிப்பிடுதல்

நுழையும்முன்
புதிய பொருளைப் பற்றி இதழ் கூறும் தீர்ப்பை ஆராயாது ஏற்பதும் பிழை. ஆராயாது தள்ளுவதும் பிழை.

2013 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் மின்மகிழுந்து குறித்து மதிப்புரை ஒன்றை வெளியிட்டது. கடுங்குளிரில் வாசிங்டன் பகுதியிலிருந்து கனெக்டிகட் வரை அதனை ஓட்டிச்சென்ற செய்தியாளர் ஜான் புரோடர், மின்னாற்றல் தீர்ந்து வண்டி நின்றதாகவும் இழுவை ஊர்தியில் ஏற்றப்பட்டதாகவும் எழுதினார். நிறுவனத் தலைவர் எலான் மஸ்க் அதனைப் பொய் என்றார். வண்டியில் பதிவான வேகம், மின்னேற்றம் முதலிய தரவுகளை வெளியிட்டார்.

தரவுகள் வழக்கைத் தீர்த்தனவா? இல்லை. இறுதிக்கட்டப் பயணம் 61 மைல். திரையில் 32 மைல் மட்டுமே காட்டியபோது செய்தியாளர் மின்னேற்றத்தை நிறுத்திப் புறப்பட்டார். இது தரவு. ஊழியர் அறிவுரையை மீறினார் என்றது நிறுவனம்; அவர்கள் ஒப்புதலுடனே புறப்பட்டேன் என்றார் செய்தியாளர். தரவு செயலைக் காட்டும், உள்நோக்கத்தைக் காட்டாது.

அந்நாளிதழில் வாசகர் சார்பாக ஆராயும் பொறுப்பிலிருந்த மார்கரெட் சல்லிவன் இருதரப்பையும் விசாரித்தார். செய்தியாளர் நன்னோக்குடனே எழுதினார். எனினும் அவருடைய குறிப்புகளில் துல்லியம் இல்லை, சில முடிவுகள் தக்கனவல்ல என்று தம் இதழிலேயே எழுதினார்.

நேர்மை வேறு, துல்லியம் வேறு. நேர்மையானவரும் பிழைபட எழுதக்கூடும். ஆகவே மதிப்புரையைப் படிக்கும்போது, வண்டியைத் தந்தவர் யார், சோதித்த சூழல் யாது, அளந்தது எது, ஊகித்தது எது என வினவுக. மறுப்புரையையும் அதே கோலால் நிறுக்க. விற்பவருக்கும் ஆதாயம் உண்டு.

கற்பவை கற்றபின்
மின்மகிழுந்து பற்றிய மதிப்புரை ஒன்றைப் படித்து, அதிலுள்ள தரவுகளையும் கருத்துகளையும் தனித்தனியே பட்டியலிடுக.