நெட்டில் எடுத்த எஸ்.ஓ. ஃபைல் மருந்தாகாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த ஆலைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: "புது சாஃப்ட்வேர் போட்டதும் எஸ்.ஓ. ஃபைல் இல்லைங்குதா? நெட்ல எடுத்து லிப் ஃபோல்டர்ல போடுண்ணே, ஓடும்." லினக்ஸில் புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரிதான் இந்த எஸ்.ஓ. ஃபைல். அப்படிப் போட்டால் ஓடாது. இனியும் இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஓர் உருக்காலையின் எடை மேடைக் கணினியில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இருந்தது. அதில் 22.04-க்காகத் தயாரித்த மென்பொருளை ஏற்றினார்கள். 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று பிழை வந்தது. பராமரிப்புத் தம்பி எங்கிருந்தோ ஒரு லிப்சி ஃபைலை (ஜிலிப்சியின் முக்கிய லைப்ரரி) இறக்கி, பழையதன் மேலேயே எழுதிவிட்டார். அடுத்த நொடி எல்எஸ், சிபி, சூடோ என்று எந்தக் கட்டளையும் ஓடவில்லை. பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசைகட்டின. பென் டிரைவில் கணினியை எழுப்பி, பழைய லிப்சியைத் திரும்ப வைத்த பிறகுதான் எடை போட முடிந்தது.

காரணம் எளிது. அந்தக் கணினியின் ஏறக்குறைய எல்லா புரோகிராமும் லிப்சியை நம்பித்தான் நிற்கிறது. லைப்ரரிகளை ஏற்றித் தரும் லோடரும் லிப்சியும் ஒரே பதிப்பில் சேர்ந்து வரும் ஜோடி. 20.04-இல் அந்தப் பதிப்பு 2.31, 22.04-இல் 2.35. ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. மென்பொருளை விற்றவரிடம் 20.04-க்கான பதிப்பைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இயங்குதளத்தையே முழுதாக உயர்த்த வேண்டும்.

"பேரை மாத்தி லிங்க் போட்டா போதும்" என்பதும் இதே ரகம். உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியின் 3-ஆம் பதிப்புக்கு மாறிவிட்டது. பழைய புரோகிராம் 1.1-ஐத் தேடும். 3-ஐக் காட்டி 1.1 என்று பெயர் சூட்டினால், கேட்ட பதிப்பு உள்ளே இல்லை என்று மறுபடியும் நிற்கும். எம்12 போல்ட்டில் எம்10 நட்டைத் திணிக்காத கைகள் இங்கே மட்டும் ஏன் திணிக்கின்றன? பழைய 1.1-ஐயே தேடி நிறுவலாமென்றால், 1.1.1-க்கான பொதுப் பராமரிப்பும் 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்துவிட்டது.

ஆபத்தும் உண்டு. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பின் லைப்ரரியில், 5.6.0, 5.6.1 பதிப்புகளில், ஒளித்துவைத்த பின்கதவு வெளிப்பட்டது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் அதைப் பிடித்தார். பலர் பயன்படுத்தும் திட்டத்துக்கே இந்தக் கதி. ஊர் பேர் தெரியாத தளத்தில் இறக்கிய ஃபைலை யார் சோதித்தார்கள்?

செய்ய வேண்டியது இதுதான். புரோகிராமின் மேல் எல்டிடி என்ற கட்டளையை ஓட்டுங்கள். 'நாட் ஃபவுண்ட்' என்ற வரியில் காணாமல்போன லைப்ரரியின் சரியான பெயர் இருக்கும். அது எந்தத் தொகுப்பில் வருகிறது என்று ஏப்டி-ஃபைல் என்ற கருவி சொல்லும். அந்தத் தொகுப்பை உபுண்டுவின் நிறுவும் கருவியான ஏப்டி கொண்டே நிறுவுங்கள்.

காதில் விழும் மற்ற பேச்சுகளுக்குச் சுருக்கமாகப் பதில்:

"ஃபைல் இருக்கு, ஆனா இல்லைங்குது." சோர்ஸிலிருந்து நிறுவியது யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் கிடக்கும், லோடரின் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது. சூடோவுடன் எல்டிகான்ஃபிக் ஒருமுறை ஓட்டுங்கள்.

"ஃபார்மட் பண்ணிடு." பண்ணினாலும் இல்லாத தொகுப்பு இல்லாததுதான்.

"விண்டோஸில் இந்தத் தொல்லையே இல்லை." டிஎல்எல் காணவில்லை என்ற பெட்டியைப் பார்க்காத விண்டோஸ்காரர் யார்?

கடைசியாக ஒன்று. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியன் வழி வந்தது என்பதால் ஏப்டியும் அதிலேயே இருந்தது. சொல்லித்தர ஆள் இல்லாததால் பலர் அந்த லினக்ஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஐ.டி.ஐ.யில் வெர்னியர் பிடிக்கக் கற்றுத்தருகிறோம். அதே பட்டறையில் பிழைச் செய்தியை முழுதாகப் படிக்கவும், எல்டிடி ஓட்டவும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். கற்ற பிள்ளை லிப்சியின் மேல் கைவைக்க மாட்டான். லாரிகளும் வாசலில் நிற்காது.