முற்கோள்

முற்கோள் என்பது முன், கோள் எனப் பிரிந்து நிற்கும். கோளாவது கொள்ளுதல். ஒரு பொருளைக் கண்டும் கருதியும் துணிதற்கு முன்னரே அஃது இன்னதென மனத்தாற் கொண்டுவிடுதல் முற்கோளாம். உலகத்தார் இதனைத் தப்பெண்ணம் என்றும் ஓரம் என்றும் கூறுவர். அவை இதற்கு நேராகா. தப்பெண்ணம் பிழைபட்ட எண்ணம் எதனையுங் குறிக்கும். ஓரம் என்பது அறிந்தே ஒருபாற் கோடுதல். முற்கோளுடையான் தான் கோடினமையை அறியான். தன்னை நடுவுநிலையாளன் என்றே எண்ணியிருப்பான்.

அளவை நூலார் காட்சியின் குற்றமாக ஐயத்தையும் திரிவையுங் கூறுவர். அந்தியிற் கிடந்த கயிற்றைக் கண்டு கயிறோ பாம்போ என மயங்குதல் ஐயம். பாம்பே எனத் துணிதல் திரிவு. விளக்கொன்று கொணர்ந்தால் இரண்டும் நீங்கும். முற்கோள் அங்ஙனம் நீங்குவதன்று. என்னை? அஃதுடையான் விளக்கைத் தேடான். பிறர் கொணரினும், இது கயிறுபோலத் தோன்றும் பாம்பு என்பான். அவன்பாற் காட்சி துணிபைத் திருத்துவதில்லை. துணிபே காட்சியைத் திருத்துகின்றது.

ஆராய்ந்து மறுத்தல் முற்கோளாகாது. அருணந்தி சிவாசாரியார் சித்தியாருட் பரபக்கத்தை முன்வைத்து, பதினான்கு திறத்தார் கொள்கைகளையும் கூறிப் பின்னரே மறுத்தமை காண்க. இக்காலத்துப் பரபக்கம் பாடங் கேட்பார் அருகினர், அது நிற்க.

முற்கோள் கற்றோரிடத்தும் எங்ஙனம் ஏதுவின் வடிவங் கொண்டு வரும் என்பதற்குத் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. நம் மறைக்காடு அடங்கிய நாகை மாவட்டத்திலேயே கீழ்வெண்மணி உள்ளது. கூலி நெல் உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர்க்கும் நிலக்கிழார்க்கும் நேர்ந்த பிணக்கில், 1968 டிசம்பர் 25 இரவு சேரி தீக்கிரையாயிற்று. ஒரு குடிசையுட் புகுந்த 44 உயிர்கள் வெந்து மாண்டன. பெரும்பாலார் பெண்டிரும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் நிலக்கிழார் சிலருக்குத் தண்டனை விதித்தது. பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. தீர்ப்பிற் கூறப்பட்ட காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் அளவையால் நிறுத்துப் பார்ப்போம். குற்றஞ் சாட்டப்பட்டோர் பெருநிலமுடைய செல்வர், அவருள் ஒருவர் காரும் உடையவர். இத்தகையோர் ஏவலரை விடுத்துத் தாமே நடந்து சென்று தீயிட்டனர் என்பது நம்புதற்கு அரிது என்பதே அது.

இதனைப் பக்கமும் ஏதுவுமாக வைத்துக் காண்க. ‘இவர் நேரிற் சென்றிலர்’ என்பது பக்கம். ‘செல்வராதலின்’ என்பது ஏது. ஏது பக்கத்தை நிறுவ வேண்டுமாயின், செல்வம் உள்ள இடமெல்லாம் நேரிற் செல்லாமையும் உடனிகழ வேண்டும். அங்ஙனம் நிகழ்கின்றதா? சேரமான் பெருமாள் நாயனார் யானைமேல் உலாவரும்போது, உவர்மண் ஊறி உடல் வெளுத்த வண்ணான் ஒருவனைக் கண்டு, திருநீறு நினைவுக்கு வர, இழிந்து சென்று வணங்கினார் எனப் பெரியபுராணம் கூறும். ஊர்தி உடையார் நடவார் என்னும் பொதுமொழி அங்கே முறிந்தது. அன்பு ஒருவனை யானையினின்று இழிவிக்குமாயின், சினம் காரினின்று இழிவிக்காதோ? புகையுள்ள இடத்துத் தீயுண்டு என்பது போன்ற உறுதி செல்வத்திற்கும் ஒழுக்கத்திற்கும் இடையே எந்த நூலிலும் இல்லை.

ஆதலின் ஏதுப்போலி இது. ஆயினும் எளிதிற் செவிக்கு ஏறுகின்றது. செல்வர் தாழ்ந்தன செய்யார் என்பதை நாம் ஆராய்ந்து கொண்டோமல்லோம், தொட்டிலிலேயே கொண்டோம். மிராசுதார் எல்லாரும் கொடியர் என்று எதிர்முனையிற் கூறுவாரும் இதே வழுவிற்பட்டவரே. பெயரைக் கேட்டு ஆளைத் துணிகின்றனர்.

இவ்வேதுவின் மறுபுறத்தையும் நோக்குக. செல்வர் நேரிற் செய்யார் எனின், நேரிற் செய்வார் யாவர்? ஏவல் செய்யும் வறியரே என்பது சொல்லாமலே பெறப்படும். ஒருவர்க்குச் சான்றாக நின்ற உடைமை, அஃதில்லாத மற்றையோர்க்குக் குற்றச்சாட்டாகி விடுகின்றது. அச்சேரியார்க்கோ, காட்டுதற்கு உடைமை ஒன்றும் இல்லை. கண்டேம் என்று சொல்லும் வாயே இருந்தது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள், கண்டோர் உரையை இப்போலிக் கருதலோடு ஒரு தட்டில் வைத்து நிறுக்கலாமோ என்பதே அளவை கற்பார் இவ்வழக்கின்கண் வினவவேண்டுவது.