அமுக்குவான் பேய் அமுக்கினால்

விழித்த பிறகும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருப்பதை நாம் அமுக்குவான் பேய் என்கிறோம். நம் மலாய் அண்டைவீட்டார் ‘கெனா திண்டே’ என்பார்கள், ஜப்பானியர் ‘கனாஷிபாரி’ என்பார்கள். இத்தனை ஊரிலும் ஒரே பேயா? இல்லை, ஒரே உடம்பு. கனவுத் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அது விலகுமுன் விழிப்பு முந்திக்கொண்டால் கனவு கண்முன் நீடிக்கும். உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்காது. 2011இல் 35 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொதுமக்களில் 7.6 சதவீதத்தினரும் மாணவர்களில் 28.3 சதவீதத்தினரும் ஒருமுறையாவது இதை அனுபவித்திருந்தனர். மாணவர்கள்போல் தூக்கம் கெட்டவர்களாகப் பார்த்துப் பிடிக்கும் பேய், விசித்திரமான பேய்தான்.

திருநீறு பூசினால் நிற்கிறதே என்பார்கள். பூசட்டும், மனம் அடங்கினால் தூக்கமும் சீராகும். ஆனால் பயந்து விழித்திருந்தால் மறுநாள் இன்னும் மோசமாகும். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் திரை போட்டு அறையை இருட்டாக்குங்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். பிடித்துக்கொண்டால் போராடாமல் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகும். பகலில் அடக்கமுடியாத தூக்கமோ, சிரிக்கும்போது முழங்கால் துவள்வதோ இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரைப் பாருங்கள்.