ஹீரோவுக்கு என்ன வேண்டும்? முதலில் அதை எழுதுங்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து ராத்திரி ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்களா? கோடம்பாக்கத்தில் ஒன்லைனோடு சுற்றுகிறவர்கள் ஏராளம். அவர்களை முந்த அடிப்படை கைவசம் வேண்டும். அதற்கு இயக்குநர் வெற்றிமாறனைப் பாருங்கள்: ராணிப்பேட்டையில் வளர்ந்தவர், பாலுமகேந்திராவிடம் தொழில் கற்றவர்; 'ஆடுகளம்' படத்துக்கு இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும் தேசிய விருது வாங்கினார்.

1. அவருடைய 'அசுரன்' (2019) படத்தையே பாடமாக எடுங்கள். மூலக்கதையான பூமணியின் 'வெக்கை' நாவலையும் படியுங்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சீனுக்கு ஒரு வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், கடைசியில் என்ன மாறியது? எதுவுமே மாறாத சீன் உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

2. படத்தின் நாயகன் சிவசாமிக்கு வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும். அதற்காக ஊரார் காலில் விழுகிறார். பார்க்கிற நமக்கே எரிச்சல். இடைவேளைச் சண்டையில்தான் ஆளே வேறு என்று தெரிகிறது. அவருடைய இளமைக்கதை அதற்குப் பிறகே வருகிறது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பணிவில் புதிரே இருந்திருக்காது. எந்தத் தகவலை எப்போது அவிழ்ப்பது என்ற கணக்கைப் பிடியுங்கள். ஸ்ட்ரக்சரில் பாதி வந்துவிடும்.

3. அந்த ஃபிளாஷ்பேக்கில், செருப்புப் போட்டு நடந்ததற்காக, சிவசாமி மணக்கவிருந்த மாரியம்மாளை அவமானப்படுத்துகிறார்கள். பத்துப் பக்க வசனத்தின் வேலையை ஒரு ஜோடி செருப்பு செய்துவிடுகிறது. தோல் ஊர்க்காரரான உங்களிடம் இப்படிப்பட்ட பொருள்களுக்குப் பஞ்சமா? டேனரி டிரம், வெட் ப்ளூ வாடை, பாலாறு: சென்னைப் போட்டியாளரிடம் இல்லாத முதலீடு இது. ஆனால் விவரம் மட்டும் கதை ஆகாது. அப்பரை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், லாஸ்ட் என்ற கால்வடிவ அச்சில் ஏற்றி இழுத்தால்தான் ஷூவுக்கு உருவம். கேரக்டரின் ஆசைதான் அந்த லாஸ்ட். உதாரணமாக, சூப்பர்வைசர் பதவிக்குத் துடிக்கும் மகள். அதே கம்பெனியில் யூனியன் கட்டும் அம்மா. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வில்லனே தேவைப்படாது.

4. கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். புரொடியூசருக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது.

5. பவுண்ட் ஸ்கிரிப்டைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். 2018இல் 'சர்கார்' படத்தின் கதைத் தகராறில், ஏற்கெனவே பதிவாகியிருந்த 'செங்கோல்' கதைதான் ஓர் உதவி இயக்குநருக்கு டைட்டிலில் நன்றி அறிவிப்பு வாங்கித் தந்தது. பதிவு எண் கைக்கு வந்த பிறகே யாருக்கும் பி.டி.எஃப். அனுப்புங்கள், நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.