கண்டிப்பா? கொடுமையா?



நம் நாளின் பெரும்பகுதி கடையிலும் ஆபீஸிலும் பட்டறையிலும்தான் கழிகிறது. நம் தொழுகையைப் பார்க்காதவர்கள் அங்கே நம் குணத்தைப் பார்க்கிறார்கள்.

வேலையாள் தவறு செய்தால் தனியே அழைத்துச் சொல்லித் திருத்துவது கண்டிப்பு. அதே தவறுக்காக வாடிக்கையாளர் முன்னால் கத்துவதும், நிறத்தையும் ஊரையும் சொல்லிச் சீண்டுவதும், முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு முடிக்கவில்லை என்று ஏசுவதும், ஒருவரை மட்டும் பேச்சிலிருந்து ஒதுக்கி வைப்பதும் கொடுமை. "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்பது பதிலாகாது. கேலி, குத்திப் பேசுதல், பட்டப்பெயர் சூட்டுதல் ஆகிய மூன்றையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்துவிட்டது.

நபிகளார் திருத்திய விதம்

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதை அவர்களுக்கும் கொடுங்கள், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்று கற்றுத் தந்தார்கள் (புகாரி). அதன்பின் அபூதர் (ரலி) தாம் அணிவது போன்ற ஆடையையே தம் பணியாளருக்கும் அணிவித்தார்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் போட வேண்டியிருந்தது. நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போட, சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கலாமா?

பாதிக்கப்பட்டவர் என்ன செய்வது?

சகோதரரே, சகோதரியே! ஸப்ர் என்றால் வாய்மூடிக் கிடப்பது அல்ல. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை வெறுக்கும் அல்லாஹ், அநீதிக்கு ஆளானவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறான் (அந்நிஸா 148).

முதலில், "இப்படிப் பேசாதீர்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் யார் என்று எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். மேலதிகாரியிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். பெண்களுக்குப் பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே புகார்க் குழு இருக்க வேண்டும். முதலாளி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். வீட்டாரிடம் மறைக்காதீர்கள். வேறு வேலை தேடிப் போவதும் தோல்வி அல்ல. ரிஸ்கைத் தருபவன் அல்லாஹ்.

பார்த்துக்கொண்டிருப்பவரே!

அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் விளக்கினார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருங்கள். பிறகு அவர் அருகில் போய் உட்காருங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

திவாலாகும் தொழுகையாளி

தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வந்தும், பிறரை ஏசியதாலும் அடித்ததாலும் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவனையே நபி (ஸல்) அவர்கள் திவாலானவன் என்றார்கள் (முஸ்லிம்). முதல் ஸஃப்பில் நின்று நாம் சேர்த்ததைக் கல்லாவில் உட்கார்ந்து இழந்துவிடக் கூடாது. இன்று ஜும்ஆ முடிந்து கடைக்குப் போனதும், நாம் புண்படுத்திய ஒருவரிடம் மன்னிப்புக் கேட்போம்.

நம் நாவிலிருந்தும் கையிலிருந்தும் அல்லாஹ் பிறரைப் பாதுகாப்பானாக! ஆமீன்.