வேலை விசாவுக்கு முன் – நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



மார்டள்ளியிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பத்தாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைகளுக்குத் துபாய், அபுதாபி என்ற பெயர்கள் இன்று திருப்பூர், பெங்களூரு போலவே பழகிவிட்டன. வேலைக் கடிதம் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். படித்துச் சொல்வதும், படிவம் நிரப்பிக் கொடுப்பதும் எனக்குச் சில ஆண்டுகளாக வழக்கம். வருபவர்கள் முதலில் கேட்பது, "விசா எப்போது வரும் சார்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "உன் பெயர் எத்தனை தாளில், எத்தனை விதமாக எழுதியிருக்கிறது?" என்பது.

விசா வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு. ஆனால் அந்த விசா நிலைப்பதும் கலைவதும் நம் கையிலுள்ள தாள்களைப் பொறுத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தை உதாரணமாக வைத்து, விண்ணப்பத்துக்கு முன் நாம் செய்யவேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

யார் விண்ணப்பிப்பது?

அமீரகத்துக்கான வேலை விசாவுக்கு இங்கிருந்து நாமே விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள கம்பெனிதான் நம் ஸ்பான்சர். முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வேலைக் கடிதம் வரும். அதில் நாம் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். அதை வைத்துக் கம்பெனி வேலை அனுமதி கேட்கும். அதன்பின் நம் பெயரில் நுழைவு அனுமதி கிடைக்கும். மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் அடையாள அட்டை, ஒப்பந்தப் பதிவு ஆகியவை அங்கே போய் இறங்கிய பிறகு நடப்பவை.

இவற்றில் நம் பங்கு இரண்டே இடத்தில்தான் இருக்கிறது. ஒன்று, தாள்களைச் சரியாகக் கொடுப்பது. மற்றொன்று, வேலைக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுவது. இந்த இரண்டையும் பிறரிடம் விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள்.

மூன்று மாவட்டம் கண்ட ஊர்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொள்ளேகால் தாலுக்கா ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1-11-1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அது மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். பிற்பாடு ஹனூர் தனித் தாலுக்கா ஆயிற்று. இதற்கிடையே 2014 நவம்பர் முதல் தேதியிலிருந்து மைசூர் என்ற பெயரே மைசூரு ஆகிவிட்டது.

ஆகவே ஊர் அசையவில்லை; முகவரிதான் மாறிக்கொண்டே இருக்கிறது. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் கோயம்புத்தூர் ஜில்லா, அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் மைசூர் ஜில்லா, பிள்ளையின் ஆதாரில் சாமராஜநகர் ஜில்லா என்று ஒரே வீட்டில் மூன்று இருக்கும். நமக்கு இது வரலாறு. எங்கோ கணினி முன் அமர்ந்து தாள்களைச் சரிபார்ப்பவருக்கு இது முரண்பாடு.

இதற்குப் பரிகாரம் எளிது. பாஸ்போர்ட், ஆதார், விண்ணப்பப் படிவம் மூன்றிலும் இன்றைய தாலுக்கா, இன்றைய மாவட்டம், ஒரே எழுத்தில் இருக்கவேண்டும். பழைய சான்றிதழில் மைசூர் மாவட்டம் என்று இருந்தால் அதைத் திருத்த அலையவேண்டாம். அது அந்த நாளின் உண்மை. யாராவது கேட்டால் 1997-இல் மாவட்டம் பிரிந்ததைச் சொல்லி ஒரு வரி விளக்கம் எழுதி இணைத்தால் போதும். பாஸ்போர்ட்டில் எதையாவது மாற்றவேண்டியிருந்தால் பெங்களூருவுக்கு ஓடவேண்டியதில்லை. தபால் நிலையப் பாஸ்போர்ட் சேவை மையம் நாட்டிலேயே முதன்முதலாக 2017 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஊர்களில் மைசூரு ஒன்று.

ஒரு பெயர், பல எழுத்து

ஊரைவிடப் பெரிய சிக்கல் பெயர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், சான்றிதழில் ஆங்கிலம். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பிரகாசம் என்று இருக்கும். கன்னட வாத்தியார் அதை ஜ்ஞானபிரகாஷ் என்று எழுதுவார். ஆங்கிலத்தில் போகும்போது ஒருவர் 'ஜி' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'ஜே' போட்டுத் தொடங்குவார், மூன்றாமவர் வெறும் 'என்' போடுவார். அந்தோணி என்பதில் ஓர் 'எச்' சில தாளில் இருக்கும், சில தாளில் இருக்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவர்தான். தாளில் அவர் மூன்று பேர்.

எந்தத் தாளை அடிப்படையாகக் கொள்வது? எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழைக் கொள்ளுங்கள் என்பேன். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பள்ளி வழியாகத் தேர்வு வாரியம் வரை போகவேண்டும். பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் அதற்கு ஒத்துவரச் செய்வது அதைவிட எளிது. இதை வேலை தேடத் தொடங்கும் முன்பே செய்துவிடவேண்டும். வேலைக் கடிதம் வந்தபின் செய்தால், கம்பெனி அத்தனை நாள் காத்திராது.

அடுத்தது குடும்பப் பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துத்தான். அதனால் நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். 21-11-2022 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஏற்பதில்லை என்று அமீரகம் அறிவித்தது. வேலை விசாவுக்குப் போகிறவரும் இதைப் பாடமாகக் கொள்ளவேண்டும். முதலெழுத்தை விரித்துத் தகப்பனார் பெயரை முழுமையாக எழுதி, இரண்டு இடத்தையும் நிரப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கு தொடங்குவதிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட் வரை அது உதவும்.

முத்திரைகளின் வரிசை

எலக்ட்ரீஷியன், செவிலியர், பொறியாளர் போன்ற பணிகளுக்குச் சான்றிதழில் அத்தாட்சி முத்திரை கேட்பார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாநில அரசு, பிறகு டில்லியின் வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் விழுந்த முத்திரையைப் பார்த்துத்தான் தம் முத்திரையை வைப்பார்கள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அடுத்தது நடக்காது. வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. சான்றிதழில் பெயர் தவறாக இருந்தால் இத்தனை முத்திரையும் தவறான பெயருக்கே விழும். அதனால்தான் பெயரை முதலில் சொன்னேன்.

அசல் சான்றிதழை எந்த ஏஜெண்டிடமும் விட்டுவைக்காதீர்கள். கொடுக்கவேண்டி வந்தால், என்று கொடுத்தோம், என்று திரும்பி வரும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வேலைக் கடிதத்தைத் தமிழில் படியுங்கள்

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் 2016 ஜனவரி முதல் வேலைக் கடிதத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமன்றி, தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழி ஒன்றிலும் தரவேண்டும் என்று விதித்தது. அப்படி வகுத்த மொழிகளில் தமிழும் உண்டு. கன்னடம் அதில் இல்லை. பள்ளியில் தமிழ் படிக்காத நம் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்ற தமிழ் இங்கே கைகொடுக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும். தெரியாதவர்கள் ஊரில் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "தமிழ்ப் பிரதி வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்காக ஒரு ஏஜெண்ட் கோபித்துக்கொண்டால், அதிலேயே அவரைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பார்க்கவேண்டியது அடிப்படைச் சம்பளம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு கடிதங்கள், இரண்டிலும் மாதம் 1,500 திர்ஹாம். ஒன்றில் முழுவதும் அடிப்படைச் சம்பளம். மற்றதில் அடிப்படை 800, படிகள் 700. கையில் வாங்கும் பணம் ஒன்றுதான். ஆனால் வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில்தான் வரும். முதல் கடிதக்காரருக்கு ஆண்டுக்கு 1,050 திர்ஹாம். இரண்டாமவருக்கு 560. நான்கு ஆண்டு கழித்து ஒருவர் 4,200 கொண்டு வருவார், மற்றவர் 2,240 கொண்டு வருவார். கையெழுத்திடும் அன்றே இந்த வித்தியாசம் முடிவாகிவிடுகிறது.

வேலையின் பெயர், வேலை நேரம், தங்குமிடம், வார விடுமுறை, தகுதிகாண் காலம் ஆகியவற்றையும் பாருங்கள். தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பின்னர் அங்கே பதிவாகும் ஒப்பந்தம் இந்தக் கடிதத்துக்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது என்பதும் விதி. ஆகவே கடிதத்தின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

எமிக்ரேஷனும் பணமும்

நம் நாட்டின் எமிக்ரேஷன் சட்டம் 1983-இல் வந்தது. பத்தாவது தேறாதவர்கள் அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் அனுமதி பெறவேண்டும். இப்போது அது 'இ-மைக்ரேட்' என்ற கணினி முறையில் நடக்கிறது. இவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் கட்டாயம். செவிலியர்களுக்கு மட்டும் படிப்பு எவ்வளவு இருந்தாலும், 2015 முதல் இந்த நாடுகளுக்கு எமிக்ரேஷன் அனுமதி தேவை என்று ஆக்கினார்கள். அரசு நிறுவனங்கள் வழியாகப் போகச் சொன்னார்கள். தமிழ்நாட்டு அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று.

பத்தாவது தேறியவர்கள், "எங்களுக்கு எமிக்ரேஷன் தொல்லை இல்லை" என்று மகிழ்வதைப் பார்க்கிறேன். தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. படித்தவர் தம் கடிதத்தைத் தாமே படித்துக்கொள்வார் என்று சட்டம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நாம்தான் காப்பாற்றவேண்டும்.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத வரியும் சேர்ந்தால் 35,400. அதற்கு ரசீது தரவேண்டும். அமீரகச் சட்டமோ, ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்கிறது. ஆகவே ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று எவர் கேட்டாலும் அது விசாவின் விலை அல்ல. ஏஜெண்டின் பதிவு எண்ணை வாங்கி இ-மைக்ரேட்டில் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

"முதலில் விசிட், பிறகு மாற்றலாம்"

இந்தச் சொல்லை நம்பிப் போன பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும். ராகி விளையும் நிலத்தை அடகு வைத்து ஓர் இடைத்தரகரிடம் பணம் கொடுத்தார். வருகை விசாவில் போனார். வேலை கொடுத்தவர் இன்று மாற்றுகிறேன், நாளை மாற்றுகிறேன் என்று இழுத்தார். விசாக் காலம் முடிந்தது. அதன்பின் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஐந்து மாதத்தில் அது 7,500 திர்ஹாமுக்கு ஏறிவிட்டது. அனுமதியின்றி வேலை செய்பவருக்குச் சம்பளம் தரவில்லை என்று புகார் செய்யவும் பயம். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அமீரக அரசு பொதுமன்னிப்பு அளித்தபோதுதான் அபராதமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தார். நிலம் இன்னும் திரும்பவில்லை.

அதே 2024-இல் அமீரகம் தன் சட்டத்தைத் திருத்தி, அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறது. நேர்மையான கம்பெனி எதுவும் இந்த ஆபத்தை ஏற்காது. வருகை விசாவில் வந்து வேலையைத் தொடங்கச் சொல்பவர் யார் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. எஸ்.எஸ்.எல்.சி., பாஸ்போர்ட், ஆதார் மூன்றிலும் என் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா?

2. பாஸ்போர்ட்டில் பெயருக்கான இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறதா?

3. வேலைக் கடிதத்தைத் தமிழில் படித்தேனா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

4. என் கையில் உள்ளது வேலைக்கான நுழைவு அனுமதியா, வருகை விசாவா?

5. கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா? எல்லாத் தாள்களின் நகலும் வீட்டில் இருக்கிறதா?

அங்கே போனதும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோயின் அடையாளம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. ஆகவே கடன் வாங்கும் முன் இங்கேயே ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கும் 'ஆம்' என்று சொல்ல முடியாதவர் ஒரு மாதம் தாமதித்துப் போகலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது. இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, பத்தாவது படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் கொடுங்கள். பெயரைச் சரிசெய்ய வேண்டிய வயது அதுதான்.